நீலச் சில்லுக்குக் கீழே

நீரூற்றில் தண்ணீர் சரியாக விழவில்லை என்றால் எல்லோரும் முதலில் மோட்டாரைத்தான் குறை சொல்வார்கள், சார். பாவம், அதற்கு வாய் இல்லை. நான் கழற்றிப் பார்த்தவரைக்கும் பெரும்பாலும் மோட்டார் ஒழுங்காகவே இருக்கும். தட்டு சாய்ந்திருக்கும், துளையில் உப்பு அடைத்திருக்கும், தொட்டியில் தண்ணீர் போதாமல் இருக்கும். அதையெல்லாம் பார்க்கப் பொறுமை வேண்டும். மோட்டாரைத் திட்டுவதற்கு அது தேவையில்லை.

உங்கள் அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஸ்டேஷன் ரைட்டர் வாசித்துக் காட்டினார். கிதர் முகம்மது முதலாளியின் பங்களாத் தோட்டத்தில் வேலைக்காரி சகாயசெல்வி மோட்டாரில் ஏற்பட்ட மின்கசிவால் இறந்துபோனார், பராமரித்து வந்த எலக்ட்ரீசியனின் கவனக்குறைவே காரணம். அந்த எலக்ட்ரீசியன் நான்தான். 'கவனக்குறைவு' என்ற சொல்லை அடித்துவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். என்னை யாரும் தேடி வரவில்லை. பேகம்பூரிலிருந்து இந்த வெயிலில் நானாகவே நடந்து வந்தேன்.

"செத்த நேரம் காத்தாடிக்குக் கீழ ஒக்காருப்பா, அப்புறம் பேசலாம்" என்றீர்கள். அதற்கு நன்றி. உண்மையிலேயே களைப்பாக இருக்கிறது. அந்தத் தோட்டத்து மோட்டார் கொட்டகையில்தான் படுத்துவந்தேன். தண்ணீர் விழுகிற சத்தத்திலேயே தூங்கிப் பழகிவிட்டது. இப்போது அது ஓடுவதில்லை, எனக்கும் தூக்கம் வருவதில்லை. வேறு காரணம் ஏதும் இருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜமால் முகமது பாயின் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். ரேடியோ, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி. கையைச் சும்மா வைத்திருக்க எனக்கு வராது. ஒரு தடவை பிருந்தாவனத்துக்குச் சுற்றுலா போய் அங்கே நீரூற்றுகளைப் பார்த்து வந்ததிலிருந்து இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. வேலை இல்லாத நேரத்தில் பிஸ்கட் டின் மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழைய டேபிள் ஃபேன் மோட்டாரை மாற்றிப் பூட்டி, கடை வாசலில் ஒரு குட்டி நீரூற்று செய்து வைத்தேன்.

"ஏலே ஈஸ்வரு, கடைக்கு வர்றவன் காலெல்லாம் ஈரம். நான் ரிப்பேர் கடை வச்சிருக்கேனா, குளிக்கிற தொறை வச்சிருக்கேனா?" என்று பாய் கத்துவார். ஆனால் எடுக்கச் சொல்ல மாட்டார். சாயங்காலம் அவரே அதற்கு எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கிதர் முகம்மது முதலாளி ஒரு டார்ச் லைட்டைச் சரி பார்க்க வந்தார். தோல் வியாபாரம், பெரிய இடம். என்னுடைய டின் மூடிகளை நின்று பார்த்தார். "எம் மக ஃபர்ஹீனுக்கு நிக்காஹ் வச்சிருக்கு. தோட்டத்துல இது மாதிரி பெருசா ஒண்ணு வச்சுத் தருவியாப்பா?" என்று கேட்டார். அதுவரை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் எதையும் பெரிதாகக் கேட்டதில்லை.

மதுரையிலிருந்து ஆட்கள் வந்து சிமெண்டில் வார்த்தார்கள். மூன்று தட்டு. கீழே வட்டத் தொட்டி. குழாய், மோட்டார், வயரிங் முழுக்க என் வேலை. தொட்டியின் வடக்குச் சுவரைப் பூசுவதற்குள் கொத்தனார் ஏதோ சாவு, கேதம் என்று ஊருக்குப் போய்விட்டார். நானே பூசினேன். கொத்தனார் திரும்பி வந்து தடவிப் பார்த்துவிட்டு, "எம் பொழப்பக் கெடுத்துருவ போலயே" என்றார். அந்தச் சுவரை ஒட்டிக் கல்வாழையும் நட்டேன். குழாய் வெளியே தெரியாமல் மறைத்துக்கொள்ளும், சிவப்பாகப் பூக்கும்.

மூன்றடுக்கு நீரூற்று எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் மற்றது புரியாது. தொட்டியில் இருக்கிற தண்ணீரை மோட்டார் உறிஞ்சி, நடுவில் இருக்கிற இரும்புக் குழாய் வழியாக உச்சிக்கு அனுப்பும். அங்கே மேல் தட்டு நிரம்பி வழிந்து நடுத் தட்டுக்கு, அது நிரம்பிக் கீழ்த் தட்டுக்கு, பிறகு தொட்டிக்கே திரும்பும். அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். யாரும் எதுவும் எடுக்காவிட்டால் குறையவே கூடாது. தொட்டியின் உட்புறச் சுவரில் மொசைக் சில்லு பதித்திருக்கிறது. அதில் ஒரு வரிசை மட்டும் நீலம். தண்ணீர் அந்த நீலத்துக்கு மேலே நின்றால் மூன்று தட்டும் ஓடும். நீலத்துக்குக் கீழே இறங்கினால் மோட்டார் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். மேல் தட்டு விக்கும், துப்பும், பிறகு காய்ந்துபோகும். பார்க்க அசிங்கமாக இருக்கும், சார். பெரிய மனுஷர் ஒருவர் கூட்டத்தில் இருமிக்கொண்டே இருப்பதைப் போல.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது, உங்களுக்கே தெரியும். எண்பத்து மூன்றில் திண்டுக்கல்லில் யார் வீட்டில் நல்ல தண்ணீர் இருக்கிறது? பேகம்பூர்ப் பக்கம் கிணற்றில் இருக்கிறதும் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவால் உப்புக் கரிக்கும். அதை ஊற்றினால் துளையெல்லாம் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். முதலாளி லாரியில் நல்ல தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். நிரப்பிய அன்று மூன்று தட்டும் ஓடியது. மறுநாள் காலையில் பார்த்தால் நீலத்துக்குக் கீழே.

நான் பதறவில்லை. ஒழுங்காகத் தேடினேன்.

முதலில் தட்டுகள். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். நடுத் தட்டு கிழக்கே கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதனால் தண்ணீர் ஒரே பக்கமாகக் கொட்டித் தெறித்தது. அடியில் ஈயத் தகடு கொடுத்து நிமிர்த்தினேன். பிறகு காற்று. ஆனி மாசத்துக் காற்று மலைப் பக்கமிருந்து அடிக்கும்போது உச்சியிலிருந்து விழுகிற தண்ணீரை அப்படியே அள்ளிக்கொண்டு போகும். உச்சியின் பீய்ச்சலைத் தணித்து வைத்தேன். பிறகு வெயில். எவ்வளவு ஆவியாகிறது என்று தெரிய, ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பித் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். வாளியில் விரல் அகலம் குறைந்தால் தொட்டியிலும் விரல் அகலம்தான் குறைய வேண்டும். தொட்டியில் அதைவிட மிக அதிகமாகக் குறைந்தது. அப்படியென்றால் ஒன்று கசிகிறது, அல்லது யாரோ எடுக்கிறார்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் போதும். மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நிற்கும்போது, சுவர் ஓரமாக ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். விரிசல் இருந்தால் அந்த நீலம் நூல் மாதிரி நீண்டு உள்ளே போகும். கிழக்குச் சுவர், தெற்குச் சுவர், மேற்குச் சுவர், தரை எல்லாவற்றிலும் விட்டுப் பார்த்தேன். எங்கேயும் போகவில்லை. வடக்குச் சுவரில் விட்டுப் பார்க்கவில்லை. அது நான் பூசியது.

ஆகவே யாரோ எடுக்கிறார்கள்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு ஈஸிசேரில் இருந்தார். "எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும்ப்பா. தண்ணியில்லாத காலத்துல தண்ணிய இல்லேன்னு சொல்லலாமா?" என்றார்.

"மேல் தட்டு ஓடாது, முதலாளி."

"ரெண்டு தட்டு ஓடினா போதாதா? மாப்பிள்ளை வீட்டாளுக பிரியாணி திங்க வாராகளா, தட்டு எண்ண வாராகளா?"

பக்கத்தில் இருந்த ஃபர்ஹீன் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். அவர் நல்லவர், சார். அவர் மீது எந்தத் தப்பும் இல்லை, அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று தட்டு வைத்த நீரூற்றில் இரண்டு தட்டு ஓடினால் போதும் என்று சொல்கிறவருக்கு மேற்கொண்டு என்ன விளக்குவது? கொட்டகைக்குத் திரும்பி வந்தேன். எப்படியும் நிக்காஹ் அன்றைக்கு மூன்று தட்டும் நிற்காமல் ஓட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அவருக்காக இல்லை.

விடியற்காலையில் பார்த்தேன். சகாயசெல்வி அக்கா எவர்சில்வர் குடத்தோடு வந்தார்.

அக்காவைப் பற்றி உங்களுக்கு ஃபைலில் இருக்கிற அந்தப் புகைப்படம்தான் தெரியும். பங்களாவில் கூட்டிப் பெருக்கிப் பாத்திரம் துலக்குவார். நாற்பது வயது இருக்கும். பேச்சில் யாரையும் விடமாட்டார். மேல் தட்டு விக்கும்போதெல்லாம் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று, "ஏப்பு ஈஸ்வரு, உம் பொண்டாட்டி இன்னைக்கும் மூக்கச் சிந்துறாளா? ஒரு சுக்குத் தண்ணி வச்சுக் குடுக்கக் கூடாதா?" என்பார். கொட்டகையில் படுக்கிறேன் என்பதால் காலையில் எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவருவார். நான் கேட்டதில்லை. அவராகவே கொண்டுவருவார்.

அன்றைக்குக் கேட்டேன். "என்னக்கா, இங்கேருந்தா தண்ணி எடுக்குறீங்க?"

"ஆமாப்பு. மொதலாளி வீட்டுப் பெரியம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் எடுக்குறேன். ஒத்தக் கொடம். எங்க வீட்டுக்காரரு ஷாப்புல சுண்ணாம்புக் குழியில எறங்கி நிக்கிறாருல்ல, காலெல்லாம் வெந்து கெடக்கு. உப்புத் தண்ணி பட்டா உசுரு போகுது மனுசனுக்கு. இந்தத் தண்ணியில கழுவினாத்தான் செத்த கண்ண மூடுறாரு."

"தண்ணி கொறையுதுக்கா."

"ஒத்தக் கொடத்துக்கா? கடலாட்டம் கெடக்கு. அம்புட்டையும் ஒம் பொண்டாட்டியே குடிக்கணுமாக்கும்?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஒரு குடத்துக்கு அவ்வளவு குறையாது என்று இப்போது நீங்களும் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறீர்கள். தெரிகிறது. அன்றைக்கு எனக்கும் அது தோன்றியது. பிறகு யோசித்தேன். ஒரு குடம் என்று அவர் சொல்கிறார், நான் பார்த்ததும் ஒரு குடம்தான். நான் பார்க்காதபோது எத்தனை என்று யாருக்குத் தெரியும்? மற்ற எல்லாக் காரணங்களையும் சோதித்து விலக்கிவிட்டேன். மிச்சம் இருந்தவர் அவர்தான். ரிப்பேர் வேலையில் அப்படித்தான் கண்டுபிடிப்பது, சார். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பதுதான் பழுது.

இனி எர்த் குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் அறிக்கையில் அது ஒரு வரிகூட இல்லை.

தண்ணீருக்குப் பக்கத்தில் வேலை செய்கிற மோட்டாரில் கொஞ்சம் கசிவு இருக்கத்தான் செய்யும். ஈரம் உள்ளே ஏறும். அந்தக் கரண்ட் மோட்டார் உடம்புக்கும் அதில் பூட்டிய இரும்புக் குழாய்க்கும் வந்துவிடாமல் மண்ணுக்குள் இறக்கிவிடத்தான் எர்த் கம்பி. கம்பியின் மறு முனை, கரியும் உப்பும் போட்டு மூடிய ஒரு குழிக்குள் போகிறது. அந்தக் குழி ஈரமாக இருக்கிறவரைக்கும் கவலை இல்லை. காய்ந்துவிட்டால் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். மழைக் காலத்தில் யாரும் அதை நினைக்கவே தேவையில்லை. இந்த வருஷம் மாதிரி வறட்சியில் தினமும் அதற்கு ஒரு குடம் ஊற்ற வேண்டும். நான் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். முதலாளி வீட்டு லாரித் தண்ணீரில் எனக்கென்று கொடுத்த குடம் அது. வேலை ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு நாள்கூடத் தவறவில்லை. கவனக்குறைவான ஆள் செய்கிற காரியமா இது?

தொட்டியிலிருந்து ஒரு குடம் போகிறது. குழிக்கு ஒரு குடம் போகிறது. குழிக்கு ஊற்றுவதைத் தொட்டியில் ஊற்றினால் கணக்குச் சரியாகிவிடும். அப்படித்தான் ஆரம்பித்தேன், சார். அவர் எடுத்த குடத்துக்கு ஈடு. அவ்வளவுதான்.

கரண்ட் இருந்தால் விளக்கு எரிகிற டெஸ்டர் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். குழாயில் வைத்துப் பார்த்தேன். முதலில் எரியவில்லை. பிறகு ஒரு நாள் உள்ளே பூனைக்கண் மாதிரி மங்கலாகத் தெரிந்தது. அப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடியது. வெயில் அப்படி. குழி வாயில் கை வைத்தால் அடுப்புச் சாம்பல் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நான் ரப்பர் செருப்பு இல்லாமல் அந்தப் பக்கம் போனதில்லை.

மற்றவர்களுக்கும் ஏற்பாடு செய்தேன். பங்களாவில் கல்யாணக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. யாராவது விளையாட்டாகக் குழாயைத் தொட்டுவிடக் கூடாதே. நடுக் குழாய்க்கும், தொட்டிக்குள் இறங்குகிற குழாய்க்கும் வெள்ளி பெயிண்ட் அடித்தேன். ஒரு பலகையில் 'பெயிண்ட் ஈரம், தொடாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டினேன். நல்ல எழுத்து. ஃபர்ஹீன் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க சைன்போர்டே எழுதப் போகலாம்" என்றது. எல்லோரும் படித்தார்கள், எல்லோரும் தள்ளியே நின்றார்கள். பெயிண்ட் காய்ந்த பிறகும் பலகையை எடுக்கவில்லை. தினமும் ஈரத் துணியால் குழாயைத் துடைத்து, புதிதாக அடித்த மாதிரியே பளபளப்பாக வைத்திருந்தேன். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் துடைப்பேன்.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கொஞ்ச நாளைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு பாட்டிலை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

"ஏப்பு, இது குடிக்கிறதா, தடவுறதா? அந்த நர்சம்மா ஓட்டமா ஓடிப் பேசுது, ஒரு எழவும் வெளங்கல."

படித்துப் பார்த்தேன். வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று இருந்தது. "காலுல தடவணும்க்கா, வாயில ஊத்திறாதீங்க" என்றேன்.

"நல்ல வேளை. நேத்தே ஒரு மூடி ஊத்திக் குடுக்கப் பாத்தேன். நீ நல்லா இருப்ப சாமி" என்று என் தாடையைத் தொட்டுக் கும்பிட்டார்.

அதனால் நான் அவருக்குக் கெடுதல் நினைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் புருஷனை அன்றைக்குக் காப்பாற்றியது நான்தான்.

தொட்டியின் சுவர் தாழ்வானது. குனிந்து முகக்க வேண்டும். அக்காவுக்கு முழங்கால் வலி. அதனால் எப்போதும் இடது கையால் தொட்டிக்குள் இறங்குகிற குழாயைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் குடத்தைச் சாய்ப்பார். முதல் நாளிலேயே இதைப் பார்த்திருந்தேன். செருப்புப் போடமாட்டார். தொட்டியைச் சுற்றித் தரை எப்போதும் நனைந்துதான் இருக்கும்.

மோட்டார் ஓடாத நேரத்தில்தான் அவர் வருவார். அதை மாற்றினேன். காற்று விடியற்காலையில் அடங்கியிருக்கும், தண்ணீர் தெறிக்காமல் விழும், அதனால் அந்த நேரத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் சரி. இதை முதலாளியிடமும் சொன்னேன். அவரும் தலையாட்டினார். நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், நீரூற்றை விடியற்காலையில் சோதிப்பதில் தவறு இல்லை.

எல்லாமே அப்படித்தான், சார். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயமானது. தண்ணீர் போதவில்லை, அதனால் குழிக்கு ஊற்றவில்லை. காற்று இல்லை, அதனால் விடியலில் ஓட்டினேன். குழாயில் கரண்ட் இருந்தது, அதனால் பலகை மாட்டினேன்.

ஒரு தடவை அவரிடம் சொல்லவும் சொன்னேன். முந்தின நாள். "அக்கா, நாளையிலேருந்து இங்க எடுக்காதீங்க. நிக்காஹ் முடியட்டும்" என்றேன். இப்போது யோசித்தால் குழாயைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் குழாயைத் தொடாமல் எடுத்திருப்பார். தண்ணீர் குறைவது நின்றிருக்காது.

"நிக்காஹ் முடியிற வரைக்கும் அந்த மனுசன் காலத் தூக்கித் தோள்ல போட்டுக்கச் சொல்லவா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சரிப்பு, கோவிச்சுக்காத. அரைக் கொடம் எடுத்துக்கிறேன். உம் பொண்டாட்டிக்கு அரைக் கொடம், எம் புருசனுக்கு அரைக் கொடம்."

மறுநாள் விடியலில் அரைக் குடத்துக்குத்தான் வந்தார். குடம் சின்னதாக இருந்தது. அதை நான் கவனித்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் கொட்டகை வாசலில் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். காப்பித் தம்ளரைக் கொட்டகைப் படியில் வைத்துவிட்டு, "ஆறிப் போறதுக்குள்ள குடி" என்று சொல்லிவிட்டுப் போனார். பலகையைத் தாண்டித்தான் போனார். "என்னமோ எழுதித் தொங்க விட்டிருக்க, மாப்பிள்ளை பேரா?" என்று கேட்டார். "ஆமாக்கா" என்றேன்.

அதன் பிறகு குனிந்தார்.

சத்தம் எதுவும் வரவில்லை. மோட்டாரின் ஓட்டம் மட்டும் ஒரு நொடி கனத்தது. அது எனக்குப் பழக்கமான சத்தம் என்பதால் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. நான் நிமிர்ந்து நீரூற்றைப் பார்த்தேன். ஒரு துளிக் காற்று இல்லை. மூன்று தட்டிலும், விளிம்பு முழுக்க, எந்தப் பக்கமும் கூடாமல் குறையாமல், கண்ணாடித் திரை போட்டது மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அதைக் கட்டியதிலிருந்து அப்படி ஒரு நாள்கூட விழுந்ததில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் காப்பி இருந்தது. குடித்து முடித்துவிட்டுத்தான் ஸ்விட்சை அணைத்தேன்.

அந்த ஸ்விட்ச் என் தோளுக்கு நேராக இருந்தது, சார். கை நீட்டக்கூட வேண்டியதில்லை. இதைத்தான் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள்.

பிறகு கத்தினேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். முதலாளி வெறுங்காலோடு வந்து, தொட்டிச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நிக்காஹைப் பள்ளிவாசலிலேயே சிம்பிளாக முடித்துக்கொண்டார்கள். தோட்டத்தில் யாரும் கால் வைக்கவில்லை. மூன்று தட்டும் ஓடுவதை மாப்பிள்ளை வீட்டார் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு வேலையும் வீணாகப் போயிற்று. அக்காவின் புருஷன் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து, "நீதான் அன்னைக்கி மருந்தப் படிச்சுச் சொன்ன தம்பியா? உன்னயப் பத்தித்தான் வீட்டுல வாய் ஓயாமச் சொல்லுவா" என்று அழுதார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் ஈஸ்வர். எர்த் குழி காய்ந்துவிடும் என்று தெரிந்தே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். அந்த நேரத்தில் அவர் வருவார் என்று தெரிந்தே மோட்டாரை ஓட்டினேன். படிக்கத் தெரியாது என்று தெரிந்தே பலகை எழுதினேன். சகாயசெல்வி அக்காவைக் கொன்றது நான்தான். மோட்டார் இல்லை. அந்த மோட்டாரில் ஒரு பழுதும் இல்லை. எனக்கு எது நடந்தாலும், தண்ணீர் குறைகிற பிரச்சினை தீர்ந்துவிட்டது. அந்த ஒரு திருப்தி போதும், இனி நான் தூங்கிவிடுவேன்.

என்ன சொல்கிறார் இவர்? தோட்டத்துக்குக் காவல் போட்ட கான்ஸ்டபிள்தானே, முத்துச்சாமி?

"அய்யா, குறுக்க பேசுறேன்னு நெனைக்காதீங்க. அந்தத் தொட்டித் தண்ணி இப்பவும் கொறைஞ்சுக்கிட்டேதான் இருக்கு. மோட்டாருக்குச் சீல் வச்சாச்சு, கேட்டப் பூட்டி நாந்தேன் நிக்கிறேன், ஈ காக்கா உள்ள போகல. நீலக் கோட்டுக்குக் கீழ எம்புட்டோ போயிருச்சு. அந்தக் கல்வாழை நிக்கிற பக்கம் மட்டும் மண்ணு சொதசொதன்னு கெடக்கு, பூட்ஸு பொதையுது. ஊரே காஞ்சு கெடக்கையில அந்தப் பூவு மட்டும் என்னமா நிக்கிதுங்கய்யா. சொவரு அந்தப் பக்கம் ஒழுகுது போல."

இல்லை, சார். அப்படி இருக்க முடியாது. அது வடக்குச் சுவர். நான் பூசியது. கொத்தனாரே தடவிப் பார்த்தார். கல்வாழை என்றாலே செழிப்பாகத்தான் நிற்கும், அதன் சுபாவம் அது. மேலிருந்து தெறிக்கிற தண்ணீரே அதற்குப் போதும்.

ஓடாத நீரூற்றில் எப்படித் தெறிக்கும் என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். நானும் யோசிக்கிறேன். களைப்பில் மூளை மெதுவாக ஓடுகிறது. ஆனால் முறை ஒன்றுதான், சார், ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர வேண்டும். காற்று இல்லை. வெயிலுக்கு அவ்வளவு குறையாது. மோட்டார் ஓடவில்லை. சுவர் என்னுடையது. தோட்டத்தில் வேறு ஆளே கிடையாது என்று அவரே சொல்கிறார்.

இந்த வெயிலில் பகலெல்லாம் அங்கேயே நிற்கிறவர், கை கால் கழுவ எங்கே போகிறார் என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். குற்றமாகச் சொல்லவில்லை. பலகை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அவருக்குப் படிக்கத் தெரியும்தானே, சார்?